படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

"இப்போ என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் நாம் புத்தகத்தின் பெயரைச் சொல்வோம், கூடவே "சூப்பரா போகுது" என்றோ "கொஞ்சம் இழுக்குது" என்றோ ஒரு வார்த்தை. அதோடு பேச்சு முடிந்துவிடும். இன்னொரு பக்கம், முழுசாகப் படித்து முடித்தவர்கள் எழுதுகிற மதிப்புரைகள் இருக்கின்றன. ஆசிரியர் பிறந்த ஊர், கதைச் சுருக்கம், கடைசியில் "அனைவரும் அவசியம் வாசிக்க வேண்டிய நூல்". இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, முடிவு என்னவென்று தெரியாத நிலையில் நின்று சொல்கிற கருத்துதான் என்னைக் கேட்டால் புத்தகப் பேச்சிலேயே சுவையான பகுதி. முடித்தவர் எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்து ஒழுங்காக அடுக்கிவிடுவார். பாதியில் இருப்பவரிடம் சந்தேகம் இருக்கும், ஊகம் இருக்கும், ஏதோ ஒரு பாத்திரத்தின் மேல் காரணமே இல்லாத எரிச்சல்கூட இருக்கும்.

தமிழில் இது ஒன்றும் புதிய பழக்கமும் இல்லை. கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' சரித்திர நாவல் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது அதைப் படித்த அத்தனை பேரும் பாதியில் இருந்தவர்கள்தான். அடுத்த வாரம் என்ன என்று யாருக்கும் தெரியாது, எல்லாரும் ஒரே அத்தியாயத்தில் நிற்கிறார்கள், அதனால் பேசுவது சுலபம். இன்று அதே நாவலை ஒருவர் முதல் பாகத்தில் படித்துக்கொண்டிருப்பார், ஒருவர் ஐந்தாம் பாகத்தில், இன்னொருவர் 2022, 2023-இல் வந்த படங்களை மட்டும் பார்த்திருப்பார். பேச்சில் வருகிற சிக்கல் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகிறது. பலருக்கும் கொஞ்சமாவது தெரிந்த கதை என்பதால் கீழே உதாரணத்துக்கும் அதையே பிடித்துக்கொள்கிறேன்.

1. எங்கே நிற்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்

"பொன்னியின் செல்வன் படிக்கிறேன்" என்பது போதாது. "முதல் பாகம், பதினைந்தாவது அத்தியாயத்தில் இருக்கிறேன், முதல் தடவை" என்று சொன்னால் கேட்பவருக்கு எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று உடனே தெரிந்துவிடும். பக்க எண்ணை நம்பாதீர்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதனால் இந்த நாவலை எத்தனையோ பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எழுத்தின் அளவு வேறு, பக்கம் வேறு. உங்களுடைய 212-ஆம் பக்கம் இன்னொருவருக்கு 180. பாகமும் அத்தியாயமும் எந்தப் பதிப்பிலும் மாறாது. கிண்டிலில் படிக்கிறவர்கள் "34 சதவீதம்" என்று சொல்வதும் சரி, ஆனால் அச்சுப் புத்தகம் வைத்திருப்பவருக்கு அது எந்த இடம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை, ஆகையால் அத்தியாயத் தலைப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் கட்டாயம் வேண்டும். மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகம் அந்தக் காலத்தில் அனுப்பிய பழைய தமிழ்ப் பிரதியில் ஒரு ரஷ்ய நாவலைப் படிப்பவரும், அதையே சமீபத்திய மொழிபெயர்ப்பில் படிப்பவரும் "நடை எப்படி?" என்று பேச ஆரம்பித்தால் இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு புத்தகங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். "நடை கரடுமுரடா இருக்கு" என்று ஆசிரியர் தலையில் போடுவதற்கு முன்னால் அது யாருடைய நடை என்று பாருங்கள்.

2. படிக்கும்போதே குறித்து வையுங்கள், ஆனால் கொஞ்சமாக

"அந்த இடத்தை அப்புறம் தேடிக்கலாம்" என்று நினைத்தால் கிடைக்கவே கிடைக்காது. சொந்தப் புத்தகம் என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போதும். நூலகப் புத்தகத்தில் தயவுசெய்து கோடு போடாதீர்கள்; அடிக்கோடுகளும் "உண்மை! உண்மை!" என்கிற ஓரக் குறிப்புகளும் நிறைந்த கிளை நூலகப் பிரதிகள் எல்லாருக்கும் பழக்கம்தான், அடுத்தவர் அந்தக் குரலோடு சேர்த்துத்தான் படித்தாக வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் ஒரு துண்டுத் தாளைப் புத்தகத்துக்குள் வைத்து அத்தியாய எண்ணும் நாலு வார்த்தையும் எழுதிக்கொள்ளலாம்.

எதைக் குறிப்பது? அழகான வரிகளை மட்டும் குறித்தால் கடைசியில் கையில் பொன்மொழித் தொகுப்புதான் மிஞ்சும். நான் சொல்வது வேறு: நீங்கள் நிறுத்திய இடம். ஏன் நிறுத்தினீர்கள் என்பதை அங்கேயே எழுதுங்கள். "இவன் பொய் சொல்கிறான் என்று தோன்றுகிறது", "இந்த ஆள் யார், முன்னால் வந்தாரா?", "இதற்கு மேல் தூக்கம்". மூன்றும் பயன்படும் குறிப்புகளே, மூன்றாவதும்கூட.

3. கதையைச் சொல்லாதீர்கள், ஓர் இடத்தைக் காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்புக் குழுக்களில் ஒருவர் எழுந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் பாதிப் பேர் கைபேசியை எடுத்துவிடுவார்கள். கதை தெரிய வேண்டும் என்பவர் புத்தகத்தைப் படித்துக்கொள்வார், உங்களிடம் அவர் எதிர்பார்ப்பது உங்களுக்கு அங்கே என்ன பட்டது என்பதை.

முதலில் எல்லாரும் எழுதுகிற மாதிரி ஒன்று:

"பொன்னியின் செல்வன் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். வந்தியத்தேவன் என்ற வீரன் ஒரு முக்கியமான ஓலையோடு பயணம் செய்கிறான். கல்கியின் வர்ணனை அபாரம். சோழர் காலத்துக்கே போய்விட்டேன். விறுவிறுப்பாகச் செல்கிறது."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் புத்தகத்தைத் திறக்காமல் பின்னட்டையை மட்டும் பார்த்தே எழுதிவிடலாம். அதே ஆள், அதே அத்தியாயத்தில் இருந்துகொண்டு, இப்படியும் எழுதலாம்:

"முதல் அத்தியாயம் முடிந்தது. வாளும் சண்டையும் இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் கதாநாயகன் களைத்துப்போன குதிரையில் வீரநாராயண ஏரிக்கரையோடு மெள்ளப் போய்க்கொண்டிருக்கிறான். ஆடிப்பெருக்கு நாள், கரையெல்லாம் குடும்பம் குடும்பமாகச் சாப்பாடும் பாட்டும். அப்போது பழுவேட்டரையரின் பனைமரக் கொடி கட்டிய படகுகள் வருகின்றன, ஜனங்களின் சந்தோஷம் அந்த நிமிடமே அடங்கிவிடுகிறது. பழுவேட்டரையரை நான் இன்னும் பார்க்கவே இல்லை. ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று ஜனங்கள் ஒதுங்குவதிலேயே தெரிந்துவிட்டது. இனி அவர் நேரில் வரும்போது இதைவிடப் பெரியதாகக் கல்கி என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க வேண்டும்."

நீளம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. ஆனால் இதைப் படித்தவர் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். ஏற்கெனவே படித்தவர் "அட, அந்தக் கொடியை நான் கவனிக்கலையே" என்பார், படிக்காதவர் அந்த ஏரிக்கரைக்காகவே புத்தகத்தை எடுப்பார், கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் வந்து "அது எங்க வீராணம் ஏரிதான்" என்று உரிமை கொண்டாடுவார். "அபாரம்" என்கிற சொல் ஒரு தடவைகூட வரவில்லை என்பதையும் பாருங்கள்.

செய்முறை இவ்வளவுதான்: ஓர் இடத்தை எடுங்கள், அங்கே என்ன நடக்கிறது என்று இரண்டு மூன்று வரியில் சொல்லுங்கள், நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள், புத்தகம் என்ன செய்தது என்று சொல்லுங்கள், மேற்கொண்டு எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று முடியுங்கள். வரிசை மாறினால் குடி முழுகிவிடாது.

நேரில் பேசும் கூட்டமாக இருந்தால் இன்னும் சுலபம், அந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். திருநெல்வேலியில் கம்பன் ரசிகரான ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தில் இதுதான் முறை. கம்பன் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்து, சொல் சொல்லாக ரசித்து, அப்புறம்தான் அடுத்த பாட்டு. உரைநடைக்கும் அது பொருந்தும். சத்தமாகப் படித்தால் ஒரு வாக்கியம் நிற்கிறதா விழுகிறதா என்பது வாதம் இல்லாமலே தெரிந்துவிடும்.

4. "இழுக்குது" என்றால் எது இழுக்கிறது?

பாதியில் வருகிற புகார்களில் முக்கால்வாசி இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதற்குப் பின்னால் குறைந்தது நாலு வேறு விஷயங்கள் இருக்கலாம், அதைப் பிரித்துச் சொன்னால்தான் கருத்து ஆகும்.

பெயர்கள் குழப்புகின்றனவா? சரித்திர நாவல்களிலும் பெரிய குடும்பக் கதைகளிலும் இது சகஜம். பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் என்று வரும்போது யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்று பிடிபடும்வரை எல்லாமே மெதுவாகத்தான் நகரும். இதற்கு மருந்து ஒரு தாளில் பெயரும் உறவும் எழுதி வைப்பதுதான், புத்தகத்தைக் குறை சொல்வது அல்ல.

வட்டார வழக்கா? கரிசல் காட்டுக் கதையையோ குமரிக் கடற்கரைக் கதையையோ சென்னையில் வளர்ந்த ஒருவர் எடுத்தால் முதல் சில அத்தியாயங்கள் தடுக்கும். கரிசல் சொற்களுக்குக் கி. ராஜநாராயணன் ஓர் அகராதியே தொகுத்திருக்கிறார், அது பக்கத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாற்பது ஐம்பது பக்கத்தில் காது பழகிவிடும். அதுவரை "மொழி புரியவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். "மொழி சரியில்லை" என்று சொன்னால் அந்த ஊர்க்காரர் சண்டைக்கு வருவார், வர வேண்டியதும்தான்.

மூன்றாவது, வெளிவந்த முறை. வாரத் தொடராக வந்த கதையில் முன்பு நடந்தது அவ்வப்போது நினைவூட்டப்படும், அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு கொக்கி இருக்கும். ஒரு வாரம் காத்திருந்தவருக்கு அது தேவைப்பட்டது. நீங்கள் ஒரே ராத்திரியில் பத்து அத்தியாயம் படித்தால் "இதைத்தான் இப்பவே சொன்னாரே" என்று தோன்றத்தான் செய்யும். இந்த மாதிரி நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் வேகத்தைப் பற்றிப் பேசுங்கள்.

நாலாவது, நிஜமாகவே எழுத்தாளர் சொதப்பியிருப்பது. அதுவும் உண்டு, தாராளமாகவே உண்டு. ஒரே விஷயத்தை மூன்று பாத்திரங்கள் மூன்று முறை விளக்குவது, உரையாடலில் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவது, ஆசிரியர் தான் திரட்டிய தகவலையெல்லாம் கொட்டாமல் விடமாட்டேன் என்று நிற்பது. மேலே சொன்ன மூன்றும் இல்லை என்று பார்த்த பிறகு இதைச் சொன்னால் உங்கள் பேச்சுக்கு எடை வரும். எந்த அத்தியாயத்தில் என்று காட்டவும் மறக்காதீர்கள்.

இது எதுவும் இல்லாமல் ஆபீஸ் களைப்பாகவும் இருக்கலாம். அதற்குப் புத்தகம் பொறுப்பில்லை.

5. எதைச் சொல்லிக் கெடுக்கக் கூடாது

"இது சரித்திரம்தானே, எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் விஷயத்தை முதல் பாகத்தில் இருப்பவரிடம் போட்டு உடைப்பவர்கள் இருக்கிறார்கள். அவன் கொல்லப்பட்டான் என்பது சரித்திரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டே அதற்குச் சான்று, மூன்றாம் பாகத்துக்குக் கல்கி வைத்த தலைப்பும் 'கொலைவாள்'. எல்லாம் சரி. ஆனால் நாவலில் யார் எங்கே எப்படி நிற்கிறார்கள் என்பதுதான் ஆயிரத்துச் சொச்சம் பக்கத்துக்கு மேல் படிப்பவரை இழுத்துக்கொண்டு போவது. பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்லலாம், நாவலில் மட்டும் இருப்பதைச் சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவர் பாடப்புத்தகத்தையும் மறந்தவராகத் தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டாம்.

நேரடியாகச் சொல்லாமலே கெடுக்கும் வித்தை ஒன்று இருக்கிறது, அது இன்னும் மோசம். நாவலில் வரும் நந்தினியைப் பற்றி ஒருவர் கேட்டால், "நந்தினியா... ம்ம், படிங்க படிங்க, அப்புறம் பேசுவோம்" என்று ஒரு சிரிப்பு. இதற்கு முழுக் கதையையும் சொல்லிவிடலாம். ஏதோ வரப் போகிறது என்று தெரிந்த பிறகு அவர் படிப்பது வேறு புத்தகம்.

பின்னட்டையையும் முன்னுரையையும் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ் நாவல்களுக்கு முன்னுரை எழுதுபவர்களில் பலர் நாவலை ஏற்கெனவே படித்தவரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு முடிவையும் அலசிவிடுகிறார்கள். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், பொன்னியின் செல்வனின் முடிவுரையை அதற்கும் கடைசியில். கதை முடிந்த விதத்தில் திருப்தி இல்லாத வாசகர்கள் கேட்ட கேள்விகளை எடுத்துவைத்து, அந்தப் பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று கல்கி அதில் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லியிருக்கிறார். தொடர்ந்து படித்து வந்தவர்களின் பேச்சு ஆசிரியரை உட்கார்ந்து பதில் எழுத வைத்திருக்கிறது என்பதற்காகவே அதைப் படிக்கலாம், ஆனால் முதலில் புரட்டினால் எல்லாம் போயிற்று.

6. மற்றவர் சொல்லும்போது என்ன செய்வது

கருத்துப் பகிர்வு என்றால் நாம் சொல்வது பாதிதான். ஒருவர் தான் படிக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும் "அதெல்லாம் விடுங்க, நீங்க இதைப் படிக்கணும்" என்று வேறொரு பெயரைத் தூக்கிப் போடுவது நம் வாசகர்களிடம் உள்ள பெரிய வியாதி. பட்டியல் போடுவது தப்பில்லை. விமர்சகர் க.நா.சு. பட்டியல் போட்டுப் போட்டே எத்தனையோ பேரை நல்ல புத்தகங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார், ஏராளமானவர்களிடம் வாங்கியும் கட்டிக்கொண்டார். ஆனால் ஒருவர் கையில் ஒரு புத்தகம் திறந்து கிடக்கும்போது அதைப் பற்றிக் கேளுங்கள். "எங்கே இருக்கீங்க?", "யார் பக்கம் நிக்கிறீங்க?", "எந்த இடத்துல கீழ வைக்க முடியல?" இந்த மாதிரி கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் அவருக்கே தன் கருத்து என்ன என்று தெரியவரும்.

ரயிலில் மாத நாவல் படிப்பவரிடமும் இதே மரியாதைதான். ஒரு துப்பறியும் கதையின் நடுவில் இருப்பவர் கொலையாளி யார் என்று ஊகிக்கும் மூளை உழைப்பு சாதாரணமானதல்ல; "இதெல்லாம் இலக்கியமா" என்று ஆரம்பித்தால் அவர் இனி உங்களிடம் புத்தகத்தைப் பற்றியே பேச மாட்டார்.

இன்னொன்று, உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புத்தகம் என்றால் நீங்கள் சொல்வது அவர் காதுக்குப் போகும். தமிழ் எழுத்துலகம் அவ்வளவு சின்னது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் அவரே பதிப்பக அரங்கில் உட்கார்ந்திருப்பார். அதற்காகப் புகழ வேண்டியதில்லை. "மூன்றாம் அத்தியாயம் எனக்கு நகரவில்லை" என்பதை முகத்துக்கு நேரே சொல்ல முடியும் என்றால் எழுதலாம். "இவருக்கு எழுத வராது" என்பதைப் பாதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்ல எந்த உரிமையும் இல்லை.

7. பாதியில் விட்டால் அதையும் சொல்லுங்கள்

முடிக்காமல் விட்ட புத்தகங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஏதோ தேர்வில் தோற்ற மாதிரி. எங்கே விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்கிற தகவல் அடுத்தவருக்குப் பெரிய உதவி. "இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிட்டேன், அரண்மனைச் சதி எனக்குச் சலிப்பு, கடல் பகுதி மட்டும் பிடித்திருந்தது" என்றால் அதே ரசனை உள்ளவருக்கு முடிவெடுக்க அது போதும், எதிர் ரசனை உள்ளவர் அதற்காகவே வாங்குவார். விட்டதைத் தீர்ப்பாக மட்டும் சொல்லாதீர்கள்.

முடித்தவர்கள் செய்ய வேண்டியது ஒன்று: பாதியில் எழுதியதைத் திரும்ப எடுத்துப் பார்த்து, எந்த ஊகம் பலித்தது, எது கவிழ்ந்தது என்று சேர்த்து எழுதுங்கள். பழையதை அழித்துவிடாதீர்கள். முதல் பாகத்தில் நந்தினியைப் பற்றி நீங்கள் எழுதியதும் ஐந்தாம் பாகத்தில் எழுதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது எந்த மதிப்புரையையும்விடப் படிக்கச் சுவாரஸ்யமாக இருக்கும்.

8. முடிந்தால் சேர்ந்து படியுங்கள்

மேலே சொன்ன பாதிச் சிக்கல்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றால் வரவே வராது. ஐந்தாறு பேர் போதும். பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது, அங்கேயே ஆள் கிடைக்கும். புத்தகம் வாங்கக் காசு இல்லை என்றால் இணையத்தில் மதுரைத் திட்டம் மாதிரி இடங்களில் நாட்டுடைமை நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரத்துக்கு இத்தனை அத்தியாயம் என்று எல்லை போட்டு, யாரும் அதைத் தாண்டிப் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாண்டிப் படிப்பவர் படிக்கட்டும், வாயை மட்டும் மூடிக்கொள்ள வேண்டும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் சேர்த்து 293 அத்தியாயம், வாரம் பத்து என்றால் ஏழு மாதத்தில் முடியும். கடைசிப் பாகம் மட்டுமே 91 அத்தியாயம் என்பதால் நாலாம் பாகம் முடிந்ததும் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள், பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள்.